ஊன்பசை

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். யாருடைய பிறந்தநாளும் இல்லை. ஒரு தயிர்க் கோப்பையின் பக்கவாட்டில் அச்சடிக்கிற சேர்மானப் பட்டியல், பதினொரு பெயரிலிருந்து இரண்டு பெயராகச் சுருங்கியதைக் கொண்டாடினார்கள். பால், உறை. அவ்வளவுதான்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுவில், பெயர் சொன்னாலும் உங்களுக்குப் பிடிபடாத ஒரு சின்னப் பட்டணம். பால் உணவுகள் செய்யும் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெள்ளை மேலங்கி, தலைக்கு ஒரு வலை, தாடி வைத்தால் தாடிக்கும் ஒரு வலை. நாள் முழுக்கத் தயிர்க் கோப்பைகளைத் திறந்து, கரண்டியால் வெட்டிப் பார்த்து, இறுக்கம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, மேலே எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். மட்டக்களப்பில் களப்புக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை என்று சொல்லப்படும் பகுதியில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எழுத வாசிக்கப் பழகிய முதல் ஆள். இவ்வளவு படித்து, இவ்வளவு தூரம் போய், கடைசியில் தயிர்தான் கிண்டுகிறான் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேறு காரணம் இருக்கிறது.

கேக்கை வெட்டியவர் லிண்டா, எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிசி. கேக்குத் துண்டை என் கையில் தந்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: நாங்கள் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததை இவருடைய ஊரில் காலங்காலமாகச் செய்கிறார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு தனியே கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். புதிய தயிருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் போடப் போகிறார்களாம். அதில் நான் ஒரு மண்சட்டியோடு நிற்பேன். படத்துக்குக் கீழே என் பெயரும் ஒரு வாசகமும் வரும்: ‘பால், உறை, வேறெதுவுமில்லை. என் ஊரில் எப்போதும் அப்படித்தான்.’ சம்மதம் என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

இதை எழுத வைத்தது அந்தப் படிவம்.

2

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி இருக்கவில்லை. கோப்பையின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. எழுத்தை எவ்வளவு பொடியாக அடிக்கலாமோ அவ்வளவு பொடியாக அடித்தார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று வீசியது. கடைகளில் பெண்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார்கள். கடிதங்கள் வந்தன. என் சமையலறையில் இல்லாத எதுவும் என் பிள்ளையின் கோப்பையிலும் இருக்கக் கூடாது என்று ஒரு தாய் எழுதியிருந்தார். லிண்டா அதைப் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டினார். பெரிய கடைக்காரர்கள், இன்னின்ன பொருள் இருந்தால் எங்கள் தட்டில் இடமில்லை என்று பட்டியல் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் நடந்ததெல்லாம் கழித்தல் கணக்குத்தான். எண்ணால் அழைக்கப்பட்ட சிவப்புச் சாயம் போய்ப் பீட்ரூட் சாறு வந்தது. மஞ்சள் சாயம் போய்க் கரட் சாறு வந்தது. இரசாயனத்தில் பதப்படுத்திய மாப்பொருள் போய் அரிசிமா வந்தது. எல்லாமே நேர்மையான மாற்றம் என்று சொல்ல மாட்டேன். சில இடத்தில் பழைய ஆளுக்குப் புதுச் சட்டை போட்டதுதான் நடந்தது. எண்ணை எடுத்துவிட்டு, கேட்க இதமான ஒரு செடியின் பெயரை எழுதினார்கள். ஆனால் தயிரில் அந்த விளையாட்டுச் சரிவரவில்லை. தயிரை இறுக்கிப் பிடித்திருந்தது ஜெலற்றின். அதை எடுத்தால் மேலே தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றால் பழுதென்று கடைக்காரர் திருப்பி அனுப்புவார்.

இரண்டு வருடம் பட்ட பாட்டுக்குப் பிறகு கண்ட வழி இதுதான்: பாலை நெடுநேரம் சூட்டில் வைத்து வற்ற விடுவது, அவசரப்படாமல் உறைய விடுவது, மிச்சத் தண்ணீரைத் துணிபோன்ற ஒன்றின் வழியே வடிய விடுவது. அதற்கென்று ஒரு வீடளவு இயந்திரம் வாங்கினார்கள். ஊரில் என் அத்தான் விறகாலும் மண்சட்டியாலும் அதைச் செய்தார். மிச்சத் தண்ணீரைச் சட்டி குடித்துவிடும்.

ஒருநாள் ருசி பார்க்கும் நேரத்தில் லிண்டா விளையாட்டாக ஒவ்வொருவரிடமும் கேட்டார், ஜெலற்றினுக்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று. போலந்துக்காரி ஒன்று சொன்னாள், சோமாலியாக்காரர் ஒன்று சொன்னார். என் முறை வந்தது. எங்கள் மொழியிலும் ஜெலற்றின்தான் என்றேன்.

பொய். எங்கள் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. அது எனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும்.

3

நான் பெரியப்பாவின் மகன் வீட்டு மேல்மாடி அறையில் குடியிருக்கிறேன். அவருடைய மகள் ஆரணிக்கு எட்டு வயது. தமிழ் விளங்கும், பேசவும் பேசுவாள். ஆனால் ‘ல’வும் ‘ள’வும் அவளுக்கு ஒன்றுதான். அப்பாவின் ஊர் எது என்று யாரும் கேட்டால், ‘மட்டக்கலப்பு’ என்பாள். களப்பு என்றால் நீர்ப்பரப்பு, கலப்பு என்றால் ஒன்றில் இன்னொன்றைக் கலப்பது என்று நானும் எத்தனையோ தரம் நாக்கை மடித்துக் காட்டியிருக்கிறேன். பிள்ளை சிரித்துவிட்டுப் போய்விடும்.

கேக் வெட்டிய அன்று வேலை முடிந்து வரும்போது அவளுக்கு ஒரு பை இனிப்பு வாங்கி வந்தேன். கரடி உருவத்தில் மெதுமெதுவென்று இருக்குமே, அது. வாங்கியதும் வாயில் போடவில்லை. பையைத் திருப்பி விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு பையை மேசையில் வைத்துவிட்டாள்.

“சித்தப்பா, இதில ஜெலற்றின் இருக்கு. யூசுப் சாப்பிட மாட்டான்.”

யூசுப் அவளுடைய வகுப்புப் பிள்ளை. இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

“அவன் உன்னைப் பாக்கச் சொன்னவனோ?”

“இல்ல. அவனுக்கு இன்னும் ஸ்பீடா வாசிக்க வராது. நான்தான் வாசிச்சுச் சொல்றது.”

“நீ சாப்பிடலாம்தானே?”

“நான் மட்டும் சாப்பிட்டா அவன் பாத்துக்கொண்டு இருப்பானே,” என்றாள், நான் ஏதோ விளங்காதவன் மாதிரி.

அந்தப் பையை நான் மேலே என் அறைக்குக் கொண்டு போனேன். இதை எழுதும்போதும் மேசையில் இருக்கிறது.

4

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை விசாரித்த அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் முதல் படித்த ஆள், மற்றவன் வாயால் பேசுவதா என்ற எண்ணம். வீட்டைப் பராமரித்தது யார் என்று கேட்டார். என் அக்காவின் கணவர், அவர் தயிர் விற்பவர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ‘கேர்ட்’ என்று சொல்ல வேண்டியதை நான் ‘கார்ட்’ என்று சொல்லிவிட்டேன். அதிகாரி பேனையை வைத்தார். என்ன அட்டை, அடையாள அட்டையா, யாருக்கு விற்றார் என்று கேள்விமேல் கேள்வி. சண்டை நடக்கிற ஊரிலிருந்து வந்தவனின் அத்தான் அடையாள அட்டை விற்கிறவர் என்றால் சும்மா விடுவார்களா? அரை மணித்தியாலம் வியர்த்துக் கொட்டியது. கடைசியில் தாளில் ஒரு சட்டி, பக்கத்தில் ஒரு எருமை கீறிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். என் கோப்பில் அத்தான் இன்றைக்கும் அட்டை வியாபாரிதான். திருத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். உங்கள் திருத்தம் கவனத்தில் எடுக்கப்பட்டது என்று மூன்று பதில் வந்தது. அட்டை அப்படியே இருக்கிறது.

இதை நண்பர்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொல்லாமல் விட்ட ஒரு துண்டு இருக்கிறது. எருமையைப் பார்த்துச் சிரித்த அதிகாரி, அந்தச் சட்டிக்குள் என்ன சேர்ப்பீர்கள் என்று சும்மா ஆசைக்குக் கேட்டார். பால் மட்டும் என்றேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

5

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். என்னைப் படிக்க வைத்தது அத்தான். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எருமைப் பட்டி இருந்தது, தயிர் போடத் தெரியும். என்னை மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அங்கே சொந்தக்காரர் வீட்டில் விட்டார். வெள்ளி பின்னேரம் ஊருக்கு வந்து திங்கள் விடியத் திரும்புவேன். வீட்டுக்கு வரும் கடிதம், பயண அனுமதிக்கான பாஸ் படிவம், நிவாரண அட்டை எல்லாம் நான் வரும்வரை காத்திருக்கும். நான் வாசித்துச் சொன்னால் அதுதான் முடிவு.

படுவான்கரை அப்போது இயக்கத்தின் கையில், களப்புக்குக் கிழக்கே எழுவான்கரை இராணுவத்தின் கையில். அத்தான் சட்டிகளைத் தோணியில் ஏற்றித் துறைக்குக் கொண்டு வருவார். துறையில் சோதனை. தயிருக்குள் எதையும் ஒளித்துக் கொண்டு போகிறார்களா என்று ஒவ்வொரு சட்டிக்குள்ளும் நீளக் கம்பியை விட்டுக் கிளறுவார்கள். உடைந்த தயிர் தண்ணீர் விடும். அங்கிருந்து சைக்கிளில் ஏறாவூர் போய்ச் சேரும்போது சட்டியில் பாதி குளம்.

ஏறாவூரில் வாங்குபவர் ஒரு முஸ்லிம் பெரியவர், சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல எங்கள் பக்கத்தில் எல்லோரும் காக்கா என்றே கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தயிர் கொண்டு வந்தியா, களப்பையே அள்ளிக்கொண்டு வந்தியா?” என்று அத்தானைக் கேட்பார். கேட்டாலும் திருப்பி அனுப்பியதில்லை. தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்த நாட்களில், துறையடியில் ஆளை நிறுத்தி அத்தானைக் கூட்டிப் போய், அதே ஆளோடு திருப்பி அனுப்பியவர் அவர். இவன் பட்டித் தயிர், நம்பித் தின்னலாம் என்று தன் ஆட்களுக்குச் சொல்லி விற்றார். பத்திரிகை என்றால் உயிர். முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை வாசிப்பார். வாசித்து முடித்ததை எனக்குத் தருவார்.

எனக்குப் பதினைந்து வயதில், கொழும்பிலிருந்து வந்த யோகட் கோப்பை ஒன்றை அத்தான் டவுனில் எங்கோ சாப்பிட்டுவிட்டு, கோப்பையைக் கழுவி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். கவிழ்த்தாலும் விழாதாம், கம்பி குத்தினாலும் உடையாதாம். இதுக்குள்ள என்னத்தப் போடுறாங்கள், வாசி என்றார். ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவும் பக்கத்தில் வந்து நின்றார். பால், சீனி, பால்மா, ஜெலற்றின் என்று நான் ஒரு வகுப்பு எடுக்கிற மாதிரி வாசித்தேன். அடுத்த வாரம் டவுனில் கேக் சாமான் விற்கும் கடையில் கேட்டு, பெயர் ஒட்டாத சின்னப் பாக்கெட்டில் கொஞ்சம் தூள் வாங்கி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலில் கலக்கப் போகும்போது அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் கண்ணகியம்மன் சடங்குக் காலத்தில் மீன் இறைச்சி தொடாதவர், அந்த நாட்களில் அம்மனுக்குத் தயிர் கொண்டுபோய் வைப்பவர்.

“மச்சம் மாமிசம் ஏதும் இதுக்குள்ள இருக்குமோ மச்சான்? காக்காட கடைக்கும் போறது.”

“இல்ல அத்தான். கடற்பாசி மாதிரி ஒண்டு,” என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடற்பாசி என்று வாயில் வந்ததற்குக் காரணம், நோன்பு மாதத்தில் காக்கா வீட்டிலிருந்து வரும் இனிப்பு. அது கடற்பாசியில் செய்வது. அதுவும் இதே மாதிரித்தான் இறுகித் தளதளவென்று இருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட நூலகத்தில் தடித்த ஆங்கில–தமிழ் அகராதியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். மனதில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு நேரே ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. ஊன்பசை.

ஊன் என்றால் என்னவென்று சமய பாடம் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அகராதியை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

6

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனபோது தோணிக்காரர் வரை செய்தி போயிருந்தது. என்ர மச்சான் இங்கிலீசில வாசிச்சுக் கண்டுபிடிச்சவன் என்று அத்தான் துறை முழுக்கச் சொல்லியிருந்தார். காக்கா சட்டியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து எடுத்தாராம், கத்தியால் வெட்டலாம் போல இருந்ததாம். படிச்ச பிள்ளைக்கு என்று ஒரு பேனை கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் பேனையால்தான் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று பயந்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். அத்தான் அடித்திருக்க மாட்டார். நான் வாசித்துச் சொன்ன மற்றதெல்லாம் சரியா என்று ஒருமுறை என்னைப் பார்த்திருப்பார். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். அந்த வீட்டில் எனக்கிருந்த இடம் முழுக்க அந்த வாசிப்பின்மேல்தான் நின்றது.

அந்த வருட நோன்பு மாதத்தில் காக்கா வழக்கத்தைவிட இரட்டிப்புச் சட்டி எடுத்தார். கடைக்குப் பாதி, நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் பாதி. சட்டிகளைக் கட்டி ஏற்றிவிட நானும் கை கொடுத்தேன்.

நாலு வருடம் கழித்து நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். பிறகு வந்த சண்டையில் அத்தானும் அக்காவும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பிப் போனார்கள். எருமைகளில் நாலைந்துதான் மிச்சம். அக்கம்பக்கத்தில் பால் வாங்கித் தயிர் போடுகிறார். தொலைபேசியில் எல்லாம் கேட்பேன், தூளைப் பற்றி மட்டும் கேட்டதில்லை. அதை எப்போதோ விட்டிருப்பார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்காமல் இருப்பதற்கு அந்த முடிவு வசதியாக இருந்தது.

7

புதன்கிழமை எனக்குப் பின்னேர வேலை. காலையில் ரெலிபோன் அட்டையைச் சுரண்டி ஊருக்கு எடுத்தேன். படிவத்தைப் பற்றிச் சொல்லலாம், படத்துக்குச் சட்டியோடு நிற்கப் போகிறேன் என்றால் அத்தான் சிரிப்பார் என்று எண்ணம். எனக்கு முன்னால் அவர் தொடங்கிவிட்டார். நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

“மச்சான், காக்காட கடைசி மகளுக்குக் கலியாணம். நூறு சட்டி கேட்டிருக்கார். நாலு பட்டியில பால் சொல்லி வெச்சிட்டன். உன்ர பாசித்தூள்தான் காணாது, அக்கா நாளைக்கு டவுனுக்குப் போறா.”

“இன்னும் அதையா போடுறீங்க அத்தான்?”

“போடாம? நான் மட்டுமெண்டு நினைச்சியா? நம்முட பக்கத்தில நாலு வீடு அதிலதான் ஓடுது. நான்தான் சொல்லிக் குடுத்தன். எங்கட மச்சான்ட கண்டுபிடிப்பெண்டு சொல்லித்தான் குடுத்தன்.”

பதின்மூன்று வருடம். மேசையில் ஆரணி தொடாத இனிப்புப் பை இருந்தது.

“அத்தான், அது பாசி இல்ல.”

“என்ன?”

“எலும்பு, தோலை அவிச்சு எடுக்கிறது. மாட்டுத் தோல். பன்றித் தோலிலயும் எடுப்பாங்கள்.”



“நாம போட்டது எதின்ர?”

“தெரியா அத்தான்.”

“அப்ப சடங்குக்கு நான் அம்மாளுக்கு வெச்சது?”

ரெலிபோன் அட்டையின் பதிவுக் குரலில் பேசும் அட்டைக்காரி குறுக்கே வந்து, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் முடிக்கும்வரை அத்தான் பொறுமையாக இருந்தார். பிறகு கேட்டார்.

“உனக்கு எப்ப தெரிஞ்சது?”

“இப்பதான் அத்தான். இஞ்ச வேலையிலதான் தெரிஞ்சது.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பதின்மூன்று வருடம் அடக்கி வைத்ததைச் சொல்லத் துணிந்த அதே வாய்தான். இருபத்தெட்டு வயதில், இத்தனை படித்து, பதினைந்து வயதுக்காரன் பயந்த அதே பார்வைக்கு இன்னும் பயந்தேன், ஐயாயிரம் மைல் தூரத்தில், முகம் தெரியாத தொலைபேசியில்.

“சரி,” என்றார் அத்தான். “நாளைக்கு நானே போய்க் காக்காட்டச் சொல்றன். வித்தது நான்தானே.”

8

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி எடுத்தேன். இரண்டு இரவு சரியாகச் சாப்பிடவில்லை. கலியாணம் போனால் போகட்டும், இத்தனை வருடப் பழக்கத்தை அந்த மனிதர் ஒரு சொல்லில் முறித்து அனுப்பியிருந்தால் அத்தான் எப்படி அந்தத் தெருவால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருப்பார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் நடந்ததைச் சொன்னார். காக்கா கடைக்குள் இருந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, கதவைப் பாதி சாத்தி, இருந்து கேட்டிருக்கிறார். நோன்புக்குக் கொடுத்ததும் இதுதானா என்று கேட்டாராம். ஓம் என்றாராம் அத்தான். பிறகு என்னைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: “தம்பிக்கு எப்ப தெரிஞ்ச?”

“பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது காக்கா, அங்க வேலைக்குப் போன இடத்திலதான் இப்ப தெரிஞ்சிருக்கு, தெரிஞ்ச உடனே கோல் எடுத்தவன் எண்டு நான் சொன்னன்,” என்றார் அத்தான். என்னைக் காப்பாற்றிய பெருமை அவர் குரலில் இருந்தது.

அதற்குக் காக்கா சொன்னதை அத்தான் அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

“அறியாமச் செஞ்சதுக்கு அல்லாஹ் பிடிக்க மாட்டான். அறிஞ்ச உடனே சொன்னானே, அவன் நல்ல பிள்ளை. கலியாணத்துக்கு நூறு சட்டியும் கொண்டா. தூள் வேணாம். தண்ணி விட்டா விடட்டும், களப்பப் பாத்த ஆக்கள்தானே நாம.”

அத்தான் சிரித்தார். நாலு வீட்டுக்கும் அன்றே போய்ச் சொல்லித் தூளைக் களப்பில் கொட்ட வைத்துவிட்டாராம். பாத்தியா மச்சான், மனிசன் எண்டா அவர்தான் என்றார். ஓம் அத்தான் என்றேன். அட்டைக்காரி குறுக்கே வந்தபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அன்று வேலைக்குப் போய்ப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் லிண்டாவிடம் திருப்பிக் கொடுத்தேன். படத்துக்கு நிற்க வெட்கமா என்று கேட்டார். ஆம் என்றேன். இந்த நாட்டில் நான் சொன்ன சுத்தமான உண்மைகளில் அது ஒன்று. ஜெலற்றினுக்கு எங்கள் மொழியில் ஒரு சொல் உண்டு என்றும் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதன் பொருளைக் கேட்டவர், உங்கள் மொழி ஒன்றையும் மறைப்பதில்லை போலிருக்கிறதே என்றார். மொழி மறைக்கவில்லை.

இந்தக் குறிப்பை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வாயால் சொல்ல மூன்று சந்தர்ப்பம் கிடைத்தும் சொல்லவில்லை. எழுத்து ஒன்றுதான் என்னிடம் மிச்சம், அதற்குத்தானே அத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

காக்கா, இந்தப் பத்திரிகை உங்கள் கடைக்கு வரும் என்று தெரியும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பீர்கள் என்றும் தெரியும். அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் சட்டிகளோடு வரும்போது, இதை அவருக்கு வாசித்துக் காட்டப் போவது நீங்கள்தான். நீங்கள் மன்னித்தது அறியாமல் செய்த ஒருவனை. அப்படி ஒருவர் உண்டு, அது அத்தான். அந்த மன்னிப்பை அவருக்கே கொடுத்துவிடுங்கள், அவர் சட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தம்பிக்கு எப்ப தெரிஞ்ச என்று கேட்டீர்கள். தூள் போட்டதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை. உங்கள் பேனை எனக்கு வந்து சேர நாலு நாள் முன்பு.